பிளக் குழியில் தண்ணீர்: மழைக்கும் வாட்டர் வாஷுக்கும் பிறகு வரும் மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கும் முழு வழி

நேற்று வரை ஒழுங்காக ஓடிய வண்டி. சாயங்காலம் வாட்டர் வாஷ் விட்டு எடுத்து வந்தீர்கள், அல்லது ராத்திரி முழுக்க மழையில் வெளியே நின்றது. காலையில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஸ்டியரிங் முதல் சீட் வரை குலுங்குகிறது. சைலன்சரில் சத்தம் சீராக வராமல் விட்டு விட்டு வருகிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஜெர்க் அடிக்கிறது, பிக்கப் இல்லை. மீட்டரில் மஞ்சள் நிற இன்ஜின் விளக்கு எரிகிறது, சில சமயம் விட்டு விட்டு மின்னுகிறது. கொஞ்ச தூரம் ஓட்டினால் தானாகவே சரியாகிவிடுவதும் உண்டு.

மெக்கானிக்குகள் இதை ‘மிஸ்ஸிங்’ என்பார்கள். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் பற்றவில்லை என்று பொருள். அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் மழைக்கோ வாஷுக்கோ பிறகு திடீரென்று வந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் ஒன்றுதான்: ஸ்பார்க் பிளக் உட்கார்ந்திருக்கும் குழி.

என் வண்டிக்கு இது வந்தபோது ஒரு பட்டறையில் நான்கு பிளக்கையும், பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயில் ஒன்றையும் மாற்றிக் கொடுத்தார்கள். நன்றாக ஓடியது. மூன்று வாரம் கழித்து அதே மூன்றாம் சிலிண்டர் மறுபடி மிஸ்ஸிங். புது காயிலை நானே கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். குழிக்குள் பிளக்கைச் சுற்றித் தண்ணீர் நின்றது. பழைய காயிலில் கோளாறே இருந்திருக்கவில்லை. அதற்குப் புது ரப்பர் பூட் மட்டும் போட்டு மாட்டியிருக்கிறேன், இன்றும் ஓடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் இரண்டு விஷயங்களை அழுத்திச் சொல்வேன். தண்ணீரை எடுக்காமல் பிளக்கைக் கழற்றாதீர்கள். தண்ணீர் வந்த வழியைக் கண்டுபிடிக்காமல் பானட்டை மூடாதீர்கள்.

தண்ணீர் அங்கே என்ன செய்கிறது

இன்றைய பெட்ரோல் கார்களில் பெரும்பாலும் ஒரு சிலிண்டருக்கு நான்கு வால்வுகள். அவற்றின் நடுவில் பிளக்கை வைக்க வேண்டியிருப்பதால், இன்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரிலிருந்து ஆழமாக ஒரு குழி இறங்கி, அடியில் பிளக் இருக்கும். அதன் தலையில் ஒரு நீண்ட ரப்பர் பூட், பூட்டுக்கு மேலே இக்னிஷன் காயில். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒரு காயில். குழியின் வாயை மூடுவது காயிலின் கழுத்தில் இருக்கும் ரப்பர் உதடுதான்.

பிளக்கின் நுனியில் இருக்கும் இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அதைத் தாண்டிப் பொறி பாய, பேட்டரியின் 12 வோல்ட்டைக் காயில் பல ஆயிரம் வோல்ட்டாக ஏற்றுகிறது. 30,000 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கக்கூடிய காயில்களும் உண்டு. அவ்வளவு வோல்டேஜ் எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும். பிளக்கின் வெள்ளைப் பீங்கானும் ரப்பர் பூட்டும் காய்ந்து சுத்தமாக இருந்தால் நுனியைத் தவிர அதற்கு வேறு வழி இல்லை. பீங்கான் நனைந்திருந்தால், அதன் வெளிப்பக்கமாகவே வழிந்து கீழே இருக்கும் இரும்பு உடலுக்கு, அதாவது எர்த்துக்கு, போய்விடும். உள்ளே பொறி இல்லை, பெட்ரோல் பற்றாது.

சுத்தமான தண்ணீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. ஆனால் இன்ஜின் மேல் வழிந்து வரும் தண்ணீர் சுத்தமானது இல்லை. தூசி, உப்பு, வாஷ் ஷாம்பு எல்லாம் அதில் கலந்திருக்கும். தண்ணீர் காய்ந்த பிறகும் அந்தப் படிவு பீங்கானில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஐட்லிங்கில் அமைதியாக இருந்துவிட்டு மேம்பாலம் ஏறும்போது மட்டும் ஜெர்க் அடிப்பதற்கும் காரணம் இருக்கிறது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் சிலிண்டருக்குள் காற்று அதிகமாகப் போய் அழுத்தம் ஏறுகிறது. அழுத்தம் ஏற ஏற, அதே இடைவெளியைத் தாண்ட அதிக வோல்டேஜ் வேண்டும். உள்ளே போவது கடினமாக, வெளியே நனைந்த பீங்கான் சுலபமான வழியாகிவிடுகிறது. சி.என்.ஜி. வண்டிகளில் இந்தத் தேவை பெட்ரோலை விட அதிகம். அதனால் பெட்ரோலில் நன்றாக ஓடி, சி.என்.ஜி.க்கு மாற்றியதும் மிஸ்ஸிங் ஆனால் இக்னிஷன் பக்கத்தில் ஒரு கசிவு தொடங்கியிருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, இதுதான் பலரையும் ஏமாற்றும். இன்ஜின் சூடானதும் மிஸ்ஸிங் நின்றுவிட்டால் ‘காய்ந்துவிட்டது’ என்று நினைத்துக்கொள்கிறோம். ஓடும் இன்ஜினின் சிலிண்டர் ஹெட் ஏறக்குறைய 90 டிகிரியில் இருக்கும். குழித் தண்ணீர் ஆவியாகிறது, ஆனால் மேலே காயிலின் ரப்பர் மூடியிருப்பதால் முழுவதும் வெளியேறுவதில்லை. வண்டி ஆறியதும் அதே ஆவி நீர்த்துளியாகி மறுபடி கீழே இறங்குகிறது. காலையில் மிஸ்ஸிங், மதியம் இல்லை, மறுநாள் காலை மறுபடி மிஸ்ஸிங் என்று ஒரு வாரம் வரை இழுப்பது இப்படித்தான்.

முதலில் நிறுத்துங்கள்

இன்ஜின் விளக்கு நிலையாக எரிந்தால் நிதானமாக வீடு போய்ச் சேரலாம். மின்னினால் ஓட்டாதீர்கள். சிலிண்டரில் பற்றாத பெட்ரோல் அப்படியே சைலன்சர் வழியில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது. அதன் உள்ளே இருக்கும் தேன்கூடு போன்ற பகுதி அந்தச் சூட்டில் உருகிவிடும். அதன் விலையோடு ஒப்பிட்டால் பிளக்கும் காயிலும் ஒன்றுமே இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டி என்றால் இந்த வழிகாட்டி அதற்குப் போதாது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கிக் கிடந்தன. அப்படி மூழ்கிய வண்டியை ஸ்டார்ட் செய்து பார்க்கவே கூடாது, இழுத்துத்தான் போக வேண்டும். தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

கையில் இருக்க வேண்டியவை

காயில் போல்ட்டுக்குப் பெரும்பாலும் 10 மி.மீ. சாக்கெட் போதும். பிளக்குக்கு 16 அல்லது 14 மி.மீ. பிளக் சாக்கெட், உள்ளே ரப்பரோ காந்தமோ உள்ளதாக, ஒரு நீள எக்ஸ்டென்ஷனோடு. நல்ல டார்ச். மெடிக்கல் கடையில் கிடைக்கும் 20 மி.லி. சிரிஞ்சும், அதன் மூக்கில் மாட்ட மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய டியூபும். பனியன் வேஸ்ட். கண்ணுக்குக் கண்ணாடி. பூட்டுக்குள் தடவ சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்ன டியூப். வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கும் ஓ.பி.டி. ஸ்கேனர் இருந்தால் வேலை பாதியாகக் குறையும். போனோடு புளூடூத்தில் பேசும் சின்ன ஸ்கேனரே இதற்குப் போதும்.

எந்த சிலிண்டர்?

ஸ்கேனரை மாட்டி, அது காட்டும் கோளாறுக் குறியீட்டைப் படியுங்கள். பி0301 என்றால் முதல் சிலிண்டர், பி0302 இரண்டாவது, அப்படியே மேலே. பெரும்பாலான வரிசை இன்ஜின்களில் பெல்ட், டைமிங் செயின் இருக்கும் பக்கத்திலிருந்துதான் ஒன்று, இரண்டு என்று எண்ண வேண்டும். பி0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று என்று இல்லாமல் மாறி மாறி மிஸ்ஸிங் ஆகிறது. அது தனியாக வந்தால் தண்ணீர் பல குழிகளில் இறங்கியிருக்கலாம், அல்லது கோளாறு பிளக் பக்கமே இல்லாமலும் இருக்கலாம். அதைக் கடைசியில் பார்ப்போம்.

குறியீட்டை அழிப்பதற்கு முன் ‘ஃப்ரீஸ் ஃப்ரேம்’ என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். பலர் இதைத் தொடுவதே இல்லை, எனக்கு மிகவும் உதவியது இதுதான். கோளாறு பதிவான அந்த நொடியில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) எவ்வளவு சூடு, இன்ஜின் எத்தனை ஆர்.பி.எம்., எவ்வளவு லோடு என்று அதில் நிற்கும். கூலன்ட் 30 டிகிரி என்று இருந்தால் காலை ஸ்டார்ட்டில் நடந்தது. 90 டிகிரியும் அதிக லோடும் என்றால் ஏற்றத்தில் நடந்தது. குழியில் தண்ணீர் இருக்கும் வண்டியில் இந்த இரண்டுமே வரும். காய்ந்த படிவு மட்டும் மிஞ்சியிருக்கும் வண்டியில் இரண்டாவதுதான் அதிகம் வரும்.

ஸ்கேனர் இல்லையென்றால் பழைய முறை. இன்ஜினை ஐட்லிங்கில் விட்டு, ஒவ்வொரு காயிலின் கப்ளரையும் (வயர் வந்து மாட்டும் பிளாஸ்டிக் இணைப்பு) ஒருமுறை கழற்றி மாட்ட வேண்டும். நல்ல சிலிண்டரின் கப்ளரைக் கழற்றினால் இன்ஜின் இன்னும் மோசமாகக் குலுங்கும். கழற்றியும் எந்த மாற்றமும் இல்லையென்றால் செத்துக் கிடப்பது அந்த சிலிண்டர்தான். ஒவ்வொன்றையும் ஐந்து நொடிக்கு மேல் கழற்றி வைக்காதீர்கள், கன்வெர்ட்டருக்குப் பெட்ரோல் போகும். கழற்றுவது கப்ளரை மட்டும். ஓடும் இன்ஜினில் பூட்டைப் பிளக்கிலிருந்து தூக்கவே கூடாது, கையில் ஷாக் அடிக்கும், காயிலும் போகும். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் இன்ஜினின் இக்னிஷன் பக்கமே போக வேண்டாம்.

காயிலைக் கழற்றி, குழியைப் பாருங்கள்

இன்ஜினை அணைத்து, சாவியை எடுத்து, நன்றாக ஆறவிடுங்கள். கப்ளரின் கொக்கியை அமுக்கிக் கழற்றுங்கள். பழைய வண்டிகளில் அந்தப் பிளாஸ்டிக் காய்ந்து நொறுங்கும் நிலையில் இருக்கும், அவசரப்பட வேண்டாம். போல்ட்டை எடுத்ததும் காயிலை இடம் வலமாகக் கொஞ்சம் திருப்பிவிட்டு நேராக மேலே இழுங்கள். அப்படியே இழுத்தால் பூட் பாதியில் பிய்ந்து குழிக்குள்ளேயே நின்றுவிடும்.

காயில் வெளியே வந்ததும் துடைக்காமல் ஒரு நிமிடம் அப்படியே பாருங்கள். பூட்டின் வெளிப்பக்கம் எந்த உயரம் வரை நனைந்திருக்கிறது? பழைய நீர்மட்டக் கோடு, துருப்பொடி ஒட்டியிருக்கிறதா? இருந்தால் இது முதல் தடவை இல்லை. பிறகு டார்ச்சைக் குழிக்குள் அடியுங்கள்.

தெளிவாக அல்லது பழுப்பாகத் தண்ணீர் நின்றால் வெளியிலிருந்து வந்தது. வழவழப்பாக எண்ணெய் இருந்தால் அது டேப்பட் கவரின் அடியில் இருக்கும் பிளக் டியூப் சீலோ கேஸ்கெட்டோ தேய்ந்து இன்ஜின் ஆயில் கசிவது. அதற்கு வைத்தியமே வேறு, கவரைக் கழற்றி சீலை மாற்ற வேண்டும். எண்ணெய் ரப்பர் பூட்டை ஊறவைத்துத் தளர்த்திவிடும் என்பதால் தள்ளிப்போடாதீர்கள். பச்சை, சிவப்பு, ஆரஞ்சு என்று நிறமாக இருந்து, விரலில் தொட்டால் பிசுபிசுத்து ஒரு தித்திப்பு வாசனை வந்தால் கூலன்ட். மேலே போகும் ஹோஸ்களையும் அவற்றின் கிளாம்ப்களையும் பார்க்க வேண்டும். முகர்ந்து பார்க்கலாம், வாயில் வைக்காதீர்கள், விஷம்.

ஒரு குழியில் தண்ணீர் கண்டதும் நின்றுவிடாமல் எல்லாக் காயிலையும் எடுத்துப் பாருங்கள். எந்தக் குழியில் அதிகம், எந்தக் குழி காய்ந்திருக்கிறது என்பதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வந்த வழியைத் தேடும்போது இந்தக் குறிப்பு கை கொடுக்கும்.

உலர்த்துவது

இப்போது பிளக்கில் ஸ்பேனரை வைக்கத் தோன்றும். வேண்டாம். மரை தளர்ந்த அந்த நொடியில் குழியில் இருக்கும் தண்ணீர், மண், துருப்பொடி எல்லாம் சிலிண்டருக்குள் இறங்கும். நாலு சொட்டுத் தண்ணீரை இன்ஜின் பொறுத்துக்கொள்ளும். மணலைப் பொறுக்காது, சிலிண்டர் சுவரில் கீறல் விழும்.

முதலில் சிரிஞ்ச் டியூபைக் குழியின் அடிவரை விட்டு உறிஞ்சி எடுங்கள். எத்தனை மி.லி. வந்தது என்று சிரிஞ்சிலேயே தெரியும். அப்புறம் பனியன் வேஸ்ட்டை ஒரு குச்சியில் இறுக்கிச் சுற்றி மிச்சத்தை ஒற்றி எடுங்கள். நூல் உள்ளே சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு காற்று. வீட்டில் கம்ப்ரசர் இல்லாவிட்டால் டயருக்குக் காற்றடிக்கும் சின்ன பம்ப் இருந்தாலும் போதும், மெல்ல நேரம் எடுக்கும். பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் ஊதுவதென்றால் முதலில் வெளியே கொஞ்ச நேரம் ஊதவிடுங்கள். அந்த டேங்கின் அடியிலும் தண்ணீர் தேங்கியிருக்கும், அது முதலில் வெளியே வரட்டும். குழிக்குள் ஊதும்போது மண் நேராக முகத்துக்கு வரும், கண்ணாடி போடாமல் செய்ய வேண்டாம்.

கடைசியாக ஹேர் டிரையரில் ஒவ்வொரு குழிக்கும் ஐந்து நிமிடம். துரு நீக்கும் ஸ்பிரேயைக் குழிக்குள் அடித்து ஊறவிடும் பழக்கம் பல இடத்தில் இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை. அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலம் தூசியைப் பிடித்துக்கொள்ளும். படிவு கழுவ வேண்டுமானால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணி நல்லது. அது சுத்தமாக ஆவியாகிவிடும். ஆனால் எளிதில் தீப்பிடிக்கும், எனவே முழுக்கக் காய்ந்த பிறகுதான் காயிலை மாட்ட வேண்டும்.

பிளக்கையும் பூட்டையும் படிப்பது

குழி காய்ந்த பிறகு பிளக்கைக் கழற்றுங்கள், இன்ஜின் ஆறியிருக்கும்போது மட்டும். சூடான அலுமினிய ஹெட்டில் கழற்றினால் மரை போய்விடும்.

உள்நுனி பெட்ரோலில் நனைந்து வாடை அடித்தால் அந்த சிலிண்டர் பற்றவில்லை என்பது உறுதி. அடுத்து வெள்ளைப் பீங்கானின் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்தது போல ஒரு மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால், மின்சாரம் வெளியே பாய்ந்த தடம் அது. கரி படிந்த பாதை. கரி மின்சாரத்தைக் கடத்தும், அதனால் தண்ணீர் முழுக்கக் காய்ந்த பிறகும் அதே கோட்டில் கசிந்துகொண்டே இருக்கும். ‘உலர்த்தியும் போகவில்லை’ என்று சொல்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் இதுதான். பூட்டின் உட்புறத்திலும் அதே கோடு எதிரொலிபோல இருக்கும். பூட்டை உள்ளே வெளிச்சம் போகும்படி பிதுக்கிப் பாருங்கள். கோடு இருந்தால் பிளக், பூட் இரண்டையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையது புதியதையும் கெடுத்துவிடும். பல காயில்களுக்கு பூட் தனியாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. முழுக் காயில் வாங்கும் முன் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு அடையாளத்தைத் தவறாக எண்ணிவிட வேண்டாம். இரும்பு உடலுக்குச் சற்று மேலே பீங்கானைச் சுற்றிப் பழுப்பு நிற வளையம் ஒன்று இருக்கும். உள்ளிருந்து புகை கசிவதாகச் சொல்லி அதற்காகவே பிளக்கை மாற்றுவார்கள். உயர் வோல்டேஜால் சுற்றியுள்ள காற்றில் இருக்கும் எண்ணெய்த் துகள்கள் ஈர்க்கப்பட்டு ஒட்டிய கறைதான் அது. அதனால் ஒரு கெடுதலும் இல்லை.

பீங்கானில் முடி போன்ற விரிசல் இருந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். அறுகோணத் தலையில் துரு மட்டும் என்றால் சுத்தம் செய்து பயன்படுத்தலாம். ஆனால் வரும் மழைக்காலத்தில் கழற்றும்போது அது ஒட்டிக்கொண்டு படுத்தும் என்பதால் நான் மாற்றிவிடுவேன்.

பூட்டில் கோடு இல்லை, காயில் மேல் சந்தேகம் மட்டும் இருக்கிறது என்றால் காசு செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. மூன்றாம் சிலிண்டர் காயிலை இரண்டில் போடுங்கள், இரண்டாவதை மூன்றில் போடுங்கள். கோளாறுக் குறியீட்டை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 இருந்த இடத்தில் பி0302 வந்தால் காயிலோடு கோளாறும் நகர்ந்திருக்கிறது, காயிலோ பூட்டோதான் குற்றவாளி. பி0303 அப்படியே இருந்தால் பிளக், இன்ஜெக்டர், கம்ப்ரஷன் என்று அந்த சிலிண்டரிலேயே தேட வேண்டும். மல்டிமீட்டர் வைத்துக் காயிலைச் சோதிப்பதில் நேரம் செலவிடாதீர்கள். உள்ளே எலக்ட்ரானிக்ஸ் இருக்கும் காயிலில் அந்த அளவு பெரும்பாலும் ஒன்றும் சொல்லாது.

திரும்ப மாட்டுவது

பிளக்கை சாக்கெட்டில் வைத்து நேராக இறக்கி, ரேட்செட் இல்லாமல் விரலாலேயே மரை ஏற்றுங்கள். இரண்டு சுற்றில் இறுகினால் கோணலாக ஏறுகிறது, எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். 14 மி.மீ. மரை, வாஷர் உள்ள பிளக் என்றால் அலுமினிய ஹெட்டில் 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். 12 மி.மீ. மரைக்கு 15 முதல் 20. உங்கள் வண்டிப் புத்தகம் வேறு சொன்னால் அதுவே சரி. டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள், 14 மி.மீ. புதுப் பிளக்கை விரலால் இறுகிய இடத்திலிருந்து அரைச் சுற்றுக்குக் கொஞ்சம் மேல் திருப்பலாம். பழைய பிளக்கையே போட்டால் வாஷர் ஏற்கெனவே அமுங்கியிருக்கும், கடிகாரத்தின் சின்ன முள் ஒரு மணி நேரத்தில் நகரும் அளவு போதும்.

பூட்டின் உள் விளிம்பில் சிலிக்கான் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவுங்கள். காயிலின் கழுத்து ரப்பரிலும் கொஞ்சம். உள்ளே இருக்கும் ஸ்பிரிங்கிலோ பிளக் முனையிலோ அப்ப வேண்டாம். சாதாரண வண்டி கிரீஸ் கூடாது, ரப்பர் உப்பிவிடும். காயில் உட்காரும்போது ஒரு சின்ன ‘டக்’ கையில் தெரியும். போல்ட்டை மிதமாக இறுக்கினால் போதும்.

கோளாறுக் குறியீட்டை அழித்து, ஒருமுறை அணைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். மிஸ்ஸிங் ஆன சிலிண்டருக்குப் பெட்ரோலை நிறுத்திவிடும் வண்டிகளும் உண்டு, மறு ஸ்டார்ட்டில்தான் அது திரும்ப வரும்.

தவறிப்போய்ச் சிலிண்டருக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது என்றால் பிளக்கை மாட்டாதீர்கள். எல்லாப் பிளக்கையும் எடுத்துவிட்டு, காயில், இன்ஜெக்டர் கப்ளர்கள் அனைத்தையும் கழற்றிவிட்டு, தள்ளி நின்று சில நொடிகள் ஸ்டார்ட்டரைச் சுற்றவிடுங்கள். தண்ணீர் பிளக் துளை வழியே பீய்ச்சி வெளியேறும். அருகில் நெருப்பு எதுவும் இருக்கக் கூடாது.

தண்ணீர் எங்கிருந்து வந்தது?

பட்டறைகளில் இந்தப் பகுதிக்கு யாருக்கும் நேரம் இருப்பதில்லை. வண்டி ஓடியதும் சாவியைக் கொடுத்துவிடுவார்கள். ஆனால் வேலையில் பாதி இங்கேதான் இருக்கிறது.

முன் கண்ணாடிக்கும் பானட்டுக்கும் நடுவில், வைப்பரின் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு இருக்கும். கண்ணாடியில் விழும் மழை அதில் இறங்கி, இரண்டு ஓரத்திலும் இருக்கும் துளைகள் வழியே கீழே போக வேண்டும். வேப்பமரத்தடியில் நிறுத்தும் வண்டியில் ஒரே சீசனில் அந்தத் துளைகளை இலைச் சருகு அடைத்துவிடும். தண்ணீர் தேங்கி, தட்டின் முன் விளிம்பைத் தாண்டி நேராக இன்ஜின் மேல் வழியும். கண்ணாடி மாற்றிய வண்டிகளில் அந்தத் தட்டைச் சரியாக மாட்டாமல் விட்டிருப்பதும் உண்டு. பானட்டின் பின் விளிம்பு ரப்பர் பீடிங் கிழிந்திருக்கிறதா என்று அதோடு சேர்த்துப் பாருங்கள்.

பிரஷர் வாஷில் தண்ணீர் வருவதும் மிகச் சாதாரணம். மழைக்குத் தாங்கும் ரப்பர் உதடு, நேராக அடிக்கும் பிரஷர் தண்ணீருக்குத் தாங்காது. இன்ஜின் பகுதியைக் கழுவ வேண்டாம், துணியால் துடைத்தால் போதும் என்று வாஷ் விடும்போதே சொல்லிவிடுங்கள். இன்ஜின் மேலே இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றிவிட்டுத் திரும்ப மாட்டாமல் ஓட்டுபவர்களும் இருக்கிறார்கள். சில வண்டிகளில் அந்தக் கவர்தான் காயில்களுக்குக் குடை.

என் வண்டியில் இவை எதுவும் இல்லை. மழை இல்லாத நாளிலும் மிஸ்ஸிங் வந்தது. கடைசியில் செய்தித்தாள்தான் காட்டிக்கொடுத்தது. அதே முறையை உங்களுக்கும் சொல்கிறேன். இன்ஜின் ஆறியிருக்கும்போது காயில்களை மாட்டிய நிலையிலேயே, இன்ஜின் மேல் காய்ந்த செய்தித்தாளை விரித்து பானட்டை மூடுங்கள். முன் கண்ணாடியின் மேல் பக்கத்திலிருந்து ஒரு மக்கால் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள், ஐந்தாறு மக்கு. பானட்டைத் திறந்து பாருங்கள். தாளில் ஈரம் எந்த இடத்தில் விழுந்திருக்கிறதோ அதற்கு நேர் மேலே ஓட்டை. ஒன்றுமே நனையவில்லை என்றால் புதுத் தாள் விரித்து மூடிவிட்டு, இன்னொருவரை உள்ளே உட்காரவைத்து வைப்பர் தண்ணீரை அரை நிமிடம் விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

எனக்கு இரண்டாவது தாளில், மூன்றாம் காயிலுக்கு நேர் மேலே, ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு ஈரம். பானட்டின் அடிப்பக்கம், இன்சுலேஷன் துணிக்கு மேலே போகும் வைப்பர் தண்ணீர் டியூப், நாசிலுக்குப் பிரியும் இணைப்பில் விரிந்திருந்தது. இன்ஜின் சூட்டில் வருஷக்கணக்காக வெந்த ரப்பர். ஒவ்வொரு முறை கண்ணாடியைக் கழுவும்போதும் ஷாம்பு கலந்த தண்ணீர் துணியில் ஊறி, அதே காயிலின் தலையில் சொட்டியிருக்கிறது. ஒரு முழம் டியூபும் ஒரு இணைப்பும் மாற்றினேன். அன்றோடு நின்றது.

பைக்கிலும் பழைய கார்களிலும்

பல பைக்குகளில் பிளக் குழியின் அடியிலிருந்து சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டுக்கு ஒரு சின்ன வடிகால் துளை இருக்கும். சேறு அடைத்தால் தண்ணீர் குழியிலேயே நிற்கும். மெல்லிய கம்பியை விட்டுத் துளையைத் திறந்து, மேலிருந்து காற்று ஊதினால் போதும். பிளக் கேப்பின் கழுத்து ரப்பர் விரிந்திருந்தால் கேப்பை மாற்றுங்கள்.

கார்புரேட்டர் காலத்து மாருதி 800 போன்ற வண்டிகளில் ஒரே காயில், டிஸ்ட்ரிபியூட்டர், அதிலிருந்து பிளக்குக்கு வயர்கள். அவற்றில் ஈரம் முதலில் உட்காரும் இடம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறம். மூடியைக் கழற்றி உள்ளே துடைத்து, அங்கேயும் கறுப்புக் கோடு தேடுங்கள். வயர் உள்ள வண்டிகளில் இரவில் விளக்கை அணைத்துவிட்டு, ஓடும் இன்ஜினின் வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்தால் கசியும் இடத்தில் நீல நிறப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். கையை மட்டும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

குழி காய்ந்திருந்தால்

எல்லாக் குழியும் சுத்தமாக, காய்ந்து இருந்து மிஸ்ஸிங் மட்டும் தொடர்ந்தால் வேறு பக்கம் திரும்ப வேண்டும். பங்க்கில் பெட்ரோல் போட்ட பிறகு தொடங்கி, பி0300 மட்டும் வந்தால் பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஓர் அளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் பிரிந்து டேங்கின் அடியில் தங்கிவிடும், பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். காலை ஸ்டார்ட்டில் சில நொடிகள் மட்டும் ஒரே சிலிண்டர் மிஸ்ஸிங் ஆகி, வெள்ளைப் புகை தித்திப்பு வாசனையோடு வந்து, கூலன்ட் மட்டம் வாரா வாரம் இறங்கினால் ஹெட் கேஸ்கெட்டைச் சோதிக்கச் சொல்லுங்கள். அங்கே தண்ணீர் பிளக்குக்கு வெளியே இல்லை, உள்ளே போய்க்கொண்டிருக்கிறது.

வண்டி சரியானது என்று முடிவு செய்வதற்கு முன் இன்னும் ஒரு வேலை பாக்கி. அடுத்த நல்ல மழைக்கு மறுநாள் காலை, ஸ்டார்ட் செய்வதற்கு முன், கெட்டுப்போன அந்தக் காயிலை மட்டும் கழற்றிக் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை. அடியில் ஒரு டிஷ்யூவைக் குச்சியில் சுற்றி ஒற்றி எடுத்து, அது காய்ந்தே வந்தால் மாட்டிவிட்டுக் கிளம்பலாம்.